கன்னாட் பிளேஸ் வட்டமும் ஸ்கேட்டிங் திருப்பமும்

ஸ்கேட்டிங் போட்டியைப் பார்க்கிறவர்களின் கண் தாவலின் மீதே நிற்கும். வீராங்கனை அந்தரத்தில் எழும்பி மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினால் கைதட்டல் எழுகிறது. விழுந்துவிட்டால் "அடடா!" என்கிறார்கள். இரண்டு தாவல்களுக்கு நடுவே, இசைக்கு ஏற்பக் காலை மாற்றி மாற்றி வைத்து, தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நெளிந்து ஓடுகிற அந்த அரை நிமிஷத்தை வெறும் அலங்காரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நடுவர் மேஜையில் அந்த அரை நிமிஷம்தான் மிக மும்முரமான நேரம். ஒவ்வொரு காலடியையும் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். சந்தேகம் வந்தால் படத்தை மெதுவாக ஓட்டித் திரும்பப் பார்க்கிறார்கள். இந்தப் பகுதிக்குக் காலடி வரிசை என்று பெயர். ஸ்கேட்டிங்காரர்கள் "ஸ்டெப் சீக்வென்ஸ்" என்றும் "ஃபுட்வொர்க்" என்றும் சொல்வார்கள்.

இதற்கும் டில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கும் என்ன சம்பந்தம்? மாலை வேளையில் தலைநகரின் பள்ளிக்கூட மைதானங்களையும், டி.டி.ஏ. விளையாட்டு வளாகங்களில் ஸ்கேட்டிங் தளம் உள்ளவற்றையும் சுற்றிப் பார்த்தால் தெரியும். சக்கர ஷூ கட்டிய குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகின்றன. பெரும்பாலானவர்கள் வேகப் பந்தயத்துக்குப் போகிறார்கள். சிலர் 'ஆர்ட்டிஸ்டிக்' எனப்படும் கலைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆபீஸ் விட்டு வந்து தளத்தின் ஓரத்தில் பையோடு நிற்கும் தகப்பனாருக்கு, பெண் நன்றாக ஆடியும் மார்க் ஏன் குறைந்தது என்று புரிவதில்லை. கீழே விழவில்லை, தாவல் தவறவில்லை. பிறகு எங்கே போயிற்று மார்க்? பல சமயம் காலடி வரிசையில்தான் போயிருக்கும்.

பனி இல்லாத ஊர்

ஃபிகர் ஸ்கேட்டிங் பனித் தளத்தில் பிறந்த கலை. ஒலிம்பிக் போட்டிக்கு 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித் தளம் வேண்டும். டில்லி நகருக்குள் அப்படி ஒன்று கிடையாது. தேசிய நெடுஞ்சாலையில் டில்லி எல்லையைத் தாண்டியதும் வரும் குருகிராம் ஆம்பியன்ஸ் மாலில், 2010களின் தொடக்கத்தில் செயற்கைப் பனித் தளம் ஒன்று திறக்கப்பட்டது. அது ஒலிம்பிக் அளவை விடச் சிறியது. ஆனாலும் டில்லிப் பிள்ளைகள் பலருக்குப் பனியில் கால் வைக்க முதல் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது.

சிம்லாவில் 1920 முதல் பனித் தளம் உண்டு. ஆனால் அது இயற்கைக் குளிரை நம்பியது. குளிர்காலத்தில் சில வாரங்களே பயன்படும். டேராடூனில் 2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக முழு அளவுத் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்த பிறகு பல ஆண்டுகள் அது மூடிக் கிடந்தது. செப்பனிட்டு மீண்டும் திறந்து, 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய அளவிலான குறுந்தட வேகப் போட்டியை நடத்தினார்கள்.

ஆகவே நம் நாட்டில் இந்தக் கலையைக் கற்கிறவர்களில் மிகப் பலர் சிமெண்டுத் தளத்தில் சக்கரத்தோடு தொடங்கியவர்களே. சக்கரத்தில் கற்பது வீணாகிவிடுமோ என்ற கவலைக்கு இடமில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா 2010ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டில், சக்கர ஸ்கேட்டிங் கலைப் பிரிவில் தனி ஆட்டத்திலும், அவனி பஞ்சாலுடன் ஜோடி ஆட்டத்திலும் வெண்கலம் வாங்கினார். பனியில், அமெரிக்காவில் வளர்ந்து இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் 2025ஆம் ஆண்டு ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாவது இடம் பிடித்தார். தளம் வேறு, ஷூ வேறு. இருவர் காலும் போடுகிற திருப்பங்களுக்குப் பெயரும் இலக்கணமும் ஏறக்குறைய ஒன்றே.

பனிமேல் போட்ட கோலம்

இந்தத் திருப்பங்களின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். 'ஃபிகர்' என்ற சொல்லுக்கு இங்கே வடிவம் என்று பொருள். ஸ்கேட்டிங் ஷூவின் அடித்தகடு பனியில் கோடு கிழித்துக்கொண்டே போகும். வட்டம், எட்டு, சுழி என்று ஒரே காலில் வடிவம் வரைய வேண்டும். வரைந்த கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் ஓட வேண்டும். ஆட்டக்காரர் நகர்ந்ததும் நடுவர்கள் தளத்தில் இறங்கிக் குனிந்து கோட்டைச் சோதிப்பார்கள். மார்கழி மாதத்தில் வாசலில் சிக்குக் கோலம் போட்ட வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை பிசகினால் கோலம் பிசகும்.

ஒரு காலத்தில் இந்தக் கோல வேலைக்கே பாதி மார்க். 1972ஆம் ஆண்டு சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்சி ஷூபா வடிவங்களில் மற்ற எல்லாரையும் வெகு தூரம் பின்னுக்குத் தள்ளினார். இசையோடு ஆடும் சுதந்திர ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். ஆனாலும் தங்கம் அவருக்கே! சுதந்திர ஆட்டத்தில் கூட்டத்தை மயக்கிய அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம்தான். தொலைக்காட்சி நேயர்களுக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை. வடிவங்களுக்கான மார்க்கைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1990ஆம் ஆண்டோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து வடிவப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

பிரிவு போயிற்று, அதில் இருந்த திருப்பங்கள் போகவில்லை. அவையெல்லாம் காலடி வரிசைக்குள் குடியேறிவிட்டன. முன்பு நடுவர் பனியில் குனிந்து பார்த்ததை இப்போது ஆட்டம் ஓடும்போதே கண்ணால் பிடிக்கிறார்.

சாய்வும் விளிம்பும்

முதலில் தகட்டைக் கவனிக்க வேண்டும். பனி ஷூவின் தகடு கத்தி முனை போன்ற ஒற்றைக் கூர் அன்று. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தேய்த்திருக்கும். பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு கூர்கள். கட்டை விரல் பக்கம் இருப்பது உள் விளிம்பு. சுண்டு விரல் பக்கம் இருப்பது வெளி விளிம்பு. சக்கர ஷூவில் தகடு இல்லை. நான்கு சக்கர ஷூவில் சக்கர அச்சுகள் ரப்பர் மெத்தை மீது பொருத்தப்பட்டிருக்கின்றன. காலைச் சாய்த்தால் அச்சு திரும்பும். ஷூ அந்தப் பக்கமாக வளைந்து ஓடும். அதனால் சக்கரத்திலும் உள் விளிம்பு, வெளி விளிம்பு என்றே பேசுகிறார்கள்.

கன்னாட் பிளேஸில் சைக்கிளில் சுற்றியவர்களுக்கு இது தெரிந்த சங்கதியே. வட்டத்தில் வளையும்போது உடம்பு தானாக உட்பக்கம் சாய்கிறது. ஸ்கேட்டிங்கிலும் சாய்வு எந்தப் பக்கமோ வட்டத்தின் நடு அந்தப் பக்கம். வலது காலில் நின்று வலப்பக்கம் சாய்ந்தால் எடை சுண்டு விரல் பக்கம், அதாவது வெளி விளிம்பில் ஏறும். ஓட்டம் வலப்பக்கமாக வளையும். அதே காலில் இடப்பக்கம் சாய்ந்தால் உள் விளிம்பு. ஓட்டம் இடப்பக்கம் வளையும்.

கால் இரண்டு, விளிம்பு இரண்டு, முன்னோக்கி ஓடுவது பின்னோக்கி ஓடுவது என்று திசை இரண்டு. பெருக்கினால் எட்டு. எந்தக் கணத்திலும் ஆட்டக்காரர் இந்த எட்டில் ஒன்றில் இருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார் என்பதற்கு வைத்த பெயர்தான் திருப்பம். ஒரே காலில் போனால் 'டர்ன்'. கால் மாற்றிப் போனால் 'ஸ்டெப்'.

பூங்காப் பக்கமா, கடைப் பக்கமா?

திருப்பங்களின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். கன்னாட் பிளேஸ் உள் வட்டச் சாலை ஒன்று போதும். அங்கே வண்டிகள் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகின்றன. வலப்பக்கம் நடுப் பூங்கா. இடப்பக்கம் வெள்ளைத் தூண்களோடு கடைகள். ஒருவர் வலது காலில், வெளி விளிம்பில், முன்னோக்கி அந்தச் சாலையில் சறுக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரே காலில் நின்றபடி திரும்பி, பின்னோக்கி ஓட வேண்டும்.

இரண்டே கேள்விகள். அவர் மார்பு பூங்காப் பக்கமாகத் திரும்பியதா, கடைப் பக்கமாகத் திரும்பியதா? திரும்பிய பிறகு அதே வட்டச் சாலையில் ஓடுகிறாரா, வட்டத்தை விட்டு வெளியே பிரியும் சாலையில் எதிர்ப்புறமாக வளைந்து போகிறாரா?

பூங்காப் பக்கம் திரும்பி அதே வட்டத்தில் தொடர்ந்தால் அது 'த்ரீ டர்ன்', மூன்று திருப்பம். பனியில் விழும் கோடு ஆங்கில எண் 3 போல, நடு முனை பூங்காவைப் பார்த்து இருக்கும். பின்னோக்கி ஓடும்போது பூங்கா இப்போது அவருக்கு இடப்பக்கம். எனவே சாய்வு இடப்பக்கம். வெளி விளிம்பில் வந்தவர் உள் விளிம்புக்கு மாறிவிட்டார். தொடக்கக்காரர்கள் முதலில் கற்பது இதுதான்.

கடைப் பக்கம் திரும்பி, ஆனால் அதே வட்டத்தில் தொடர்ந்தால் 'பிராக்கெட்'. விளிம்பு இதிலும் வெளியிலிருந்து உள்ளுக்கு மாறுகிறது. ஆனால் வட்டம் ஒரு பக்கம் இழுக்க, உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆகவே கடினம். கோட்டின் முனை கடைகளைப் பார்த்து நிற்கும். கணக்குப் புத்தகத்தில் போடுகிற இரட்டை வளைவு அடைப்புக்குறி போல இருப்பதால் அந்தப் பெயர்.

பூங்காப் பக்கம் திரும்பி, வட்டத்தை விட்டு வெளியே பிரிந்தால் 'ராக்கர்'. இங்கே விளிம்பு மாறவில்லை. வெளி விளிம்பில் வந்தார், வெளி விளிம்பிலேயே போகிறார். மாறியது வட்டம்.

கடைப் பக்கம் திரும்பி, வட்டத்தை விட்டும் வெளியே பிரிந்தால் 'கவுன்ட்டர்'. இதிலும் விளிம்பு மாறவில்லை. வட்டம் இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் திரும்பி, எதிர் வட்டத்திலும் ஏறுகிறார்.

இரண்டு கேள்விக்கு இரண்டிரண்டு விடை. மொத்தம் நான்கு திருப்பங்கள். உள் விளிம்பில் வந்தாலும், இடது காலில் வந்தாலும் இதே இலக்கணம்தான். பூங்கா என்பது வட்டத்தின் நடு. கடை என்பது வட்டத்தின் வெளி. அவ்வளவே.

ஒற்றைக் காலில் இன்னும் இரண்டு உண்டு. 'லூப்' என்பது வட்டத்தில் ஓடும்போதே உட்பக்கமாகச் சிறு சுழி ஒன்று போட்டு, விளிம்பு மாறாமல் மீண்டும் வட்டத்தில் சேர்வது. கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை வளைந்து வருவது போல. 'ட்விஸில்' என்பது ஒரே காலில் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே ஒரு திசையில் நகர்ந்து போவது. நின்ற இடத்தில் சுழன்றால் அது ட்விஸில் ஆகாது. சக்கரப் பிரிவில் இதற்கு 'டிராவலிங்' என்று பெயர்.

கால் மாறும் அடிகள்

கால் மாற்றித் திரும்புவதிலும் அதே கேள்வி உதவும். இடது காலின் உள் விளிம்பில் வட்டத்தைச் சுற்றி வருகிறவர் பின்னோக்கித் திரும்பி, வலது காலின் உள் விளிம்பில் இறங்குகிறார், வட்டம் மாறவில்லை. இது 'மோஹாக்'. அதே இடது உள் விளிம்பிலிருந்து வலது காலின் வெளி விளிம்பில் இறங்கினால் வட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுவார். இது 'சாக்டா'. இரண்டும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்கள். பனி ஸ்கேட்டிங்கில் அண்மை ஆண்டுகளில் இவற்றை 'சி ஸ்டெப்', 'எஸ் ஸ்டெப்' என்று மாற்றியிருக்கிறார்கள். வட்டம் மாறாததற்குச் 'சி' எழுத்து, மாறுவதற்கு 'எஸ்' எழுத்து. கோட்டின் வடிவமே பெயராகிவிட்டது.

பரதநாட்டிய வகுப்புக்குப் பெண்ணை அனுப்பும் வீடுகளில் இந்த முறை பழக்கமானதுதான். தட்டடவு, நாட்டடவு என்று முதலில் தனித்தனியே பெயர் சொல்லிப் பழகி, பிறகு அவற்றைக் கோத்து ஜதிக்கு ஆடுகிறார்கள். அடவு சுத்தம் இல்லாமல் ஆட்டம் சுத்தமாகாது. ஸ்கேட்டிங்கில் திருப்பங்கள்தான் அடவுகள்; காலடி வரிசை என்பது அவற்றைக் கோத்த கோர்வை.

பன்னிரண்டில் பதினொன்று

2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஆட்டத்தின் தீர்ப்புப் பெரிய சர்ச்சையாகி, கடைசியில் இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க நேர்ந்தது. அதன் விளைவாக, ஆறுக்கு இத்தனை என்று மொத்தமாக மார்க் போட்ட பழைய முறையைக் கைவிட்டு, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2004ஆம் ஆண்டு புதிய முறையை ஏற்றது. ஒவ்வோர் அங்கத்துக்கும் தனி விலை உண்டு. அதன் மேல் தரத்துக்கு ஏற்பக் கூட்டல், கழித்தல்.

காலடி வரிசைக்கு முதல் நிலை முதல் நான்காம் நிலை வரை உண்டு. கடினம் என்று எண்ணப்படுபவை ஆறு வகை: பிராக்கெட், ராக்கர், கவுன்ட்டர், லூப், ட்விஸில், சாக்டா. மூன்று திருப்பமும் மோஹாக்கும் இந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து கடினத் திருப்பங்கள் சுத்தமாக இருந்தால் முதல் நிலை. ஏழு இருந்தால் இரண்டாம் நிலை. ஒன்பது இருந்தால் மூன்றாம் நிலை. பதினொன்று இருந்தால்தான் நான்காம் நிலைக்கு வழி.

இங்கே ஒரு கண்டிப்பு. ஒரே வகையை இரண்டு முறைக்கு மேல் எண்ண மாட்டார்கள். ஆறு வகை, வகைக்கு இரண்டு; ஆகப் பன்னிரண்டுதான் உச்சம். நான்காம் நிலைக்கு அதில் பதினொன்று வேண்டும். அதாவது தள்ளுபடி ஒன்றே ஒன்று! ஐந்து வகைகளை இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் சுழன்று காட்டவும் வேண்டும். நமக்குப் பிடித்த பக்கமாக மட்டும் திரும்பிச் சமாளிக்க முடியாது.

இதோடு முடியவில்லை. வரிசையில் மூன்றில் ஒரு பங்காவது உடல் இடப்பக்கம் சுழல வேண்டும். இன்னொரு பங்கு வலப்பக்கம். கை, தோள், இடுப்பு அசைவுகள் மூன்றில் ஒரு பங்குக்கேனும் தெரிய வேண்டும். வெவ்வேறு காலில், மூன்று கடினத் திருப்பங்களை இடைவெளியின்றித் தொடுத்த இரண்டு கோர்வைகள் வேண்டும். நான்காம் நிலைக்கு இவை அத்தனையும் அவசியம்.

விலையைப் பார்ப்போம். 2022-23 பருவத்துச் சர்வதேச அட்டவணையில் காலடி வரிசையின் அடிப்படை மதிப்பு முதல் நிலைக்கு 1.8, இரண்டாம் நிலைக்கு 2.6, மூன்றாம் நிலைக்கு 3.3, நான்காம் நிலைக்கு 3.9. அதே அட்டவணையில் 'டபுள் ஆக்ஸல்' என்ற இரண்டரைச் சுற்றுத் தாவலுக்கும் 3.3 தான். அந்தத் தாவலுக்காகப் பிள்ளைகள் விழுந்து எழுந்து வருஷக் கணக்கில் பழகுகிறார்கள். காலடி வரிசையை மூன்றாம் நிலையில் முடித்தால் அதே மதிப்பு வந்துவிடுகிறது.

சக்கர ஸ்கேட்டிங்கின் உலக அமைப்பும் பின்னாளில் இதைப் போன்ற எண்ணும் முறைக்கு மாறிவிட்டது. எண்ணிக்கையில் வேறுபாடு உண்டு. திருப்பத்தைச் சுத்தமாகப் போட்டால்தான் கணக்கில் சேரும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

மார்க் எங்கே போகிறது?

தளத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு விளங்காத இடம் இதுதான். பெண் திரும்பினாள், அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு ஏன் எண்ணவில்லை?

முதல் காரணம், தட்டையான திருப்பம். திருப்பத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சாய்வு தெளிவாக இருக்க வேண்டும். பயத்தில் நிமிர்ந்து நின்று திரும்பினால் எந்த விளிம்பிலும் இல்லாமல் நேர்கோடு விழும். வளைவு இல்லாவிட்டால் பூங்காவும் இல்லை, கடையும் இல்லை. நடுவர் எந்தப் பெயரைச் சொல்லி எண்ணுவார்?

இரண்டாவது, குதித்த திருப்பம். தகடோ சக்கரமோ தளத்தை விட்டு எழாமல் அழுந்தியபடி திரும்ப வேண்டும். முழங்கால் மடங்கி எழும் லாகவம் கைவராதவர்கள் சின்னதாக ஒரு குதி குதித்துத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க அழகாகவே இருக்கும், எண்ணிக்கையில் சேராது.

மூன்றாவது காரணம் நுட்பமானது. கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில்தான் அகப்படுகிறார்கள். கவுன்ட்டர் போட வருகிற பெண் வலது வெளி விளிம்பில் வருகிறாள். வட்டம் இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் திரும்பத் தைரியம் வராமல், திரும்புவதற்கு ஒரு கணம் முன்பே காலை உள் விளிம்புக்குச் சரித்துவிடுகிறாள். சரித்த அந்தக் கணத்தில் அவள் வேறு வட்டத்துக்கு வந்துவிட்டாள். புதிய வட்டத்தின் நடு இப்போது கடைப் பக்கம். எனவே கடைப் பக்கம் திரும்பிய அவள், உண்மையில் தன் வட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறாள். அது வெறும் மூன்று திருப்பம். கடினமானவற்றின் பட்டியலில் இல்லாதது. உழைத்தது கவுன்ட்டருக்கு, கிடைத்தது ஒன்றுமில்லை.

இப்படி இரண்டு போய்விட்டால் பதினொன்று ஒன்பதாகிறது. நான்காம் நிலை மூன்றாகிறது. இன்னும் இரண்டு போனால் ஏழு. ஆட்டம் முழுதும் ஒரு தடவைகூட விழாத பெண்ணின் மார்க் சீட்டில் காலடி வரிசைக்கு எதிரே '2' என்று இருப்பதன் ரகசியம் இதுதான். பாரபட்சம் என்று பயிற்சியாளரிடமும் நடுவரிடமும் சண்டைக்குப் போகுமுன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் அங்கம் அங்கமாகப் பிரித்த மார்க் சீட்டு வெளியிடப்படுகிறது. எந்த இடத்தில் குறைந்தது என்று யாரும் பார்க்கலாம்.

சிமெண்டில் கற்கக் கூடியது

டில்லிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பெரிய தாவல்களுக்குப் பனியில் பல மணி நேரம் வேண்டும். விழுவதற்கு இடம் வேண்டும். குருகிராமுக்குப் போய் வரச் செலவும் நேரமும் வேண்டும். எட்டு மணி ஆபீசுக்குப் போய் வரும் குடும்பத்துக்கு அது வாரத்தில் ஒரு நாள் கிடைப்பதே அரிது. விளிம்பும் திருப்பமும் அப்படியல்ல. காலனிக்குப் பக்கத்தில் உள்ள சிமெண்டுத் தளத்தில், வெயில் தாழ்ந்த பிறகு, சாக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்துகொண்டால் வேலை தொடங்கிவிடும். பனியில் மறைந்துபோன வடிவப் பயிற்சி சக்கரப் பிரிவில் இன்னும் உயிரோடு இருப்பதும் ஒரு லாபம். தளத்தில் வரைந்த வட்டத்தின் மேல் ஓடிப் பழகிய கால் சாய்வை மறக்காது.

வித்தியாசங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சக்கரம் தளத்தைப் பற்றிக்கொள்ளும். பனியில் தகடு வழுக்கும். சக்கரத்தில் திருப்பத்துக்கு அதிக விசை தேவை. அதே விசையைப் பனியில் போட்டால் தேவைக்கு மேல் சுற்றிவிடும். சக்கரத்திலிருந்து பனிக்குப் போகிறவர் முதல் சில வாரங்கள் தடுமாறத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் சாய்வது, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது வட்டத்தை விடுவது என்ற அறிவு இரண்டிலும் ஒன்றே.

பெற்றோர் செய்யக் கூடியதும் உண்டு. ஷூ இல்லாமலே, வீட்டுக் கூடத்தில், வெறும் காலால் திருப்பத்தை நடந்து பார்க்கச் சொல்லலாம். தளத்தில் பழகும்போது சாக்கட்டி வட்டத்தின் நடுவில் நின்று, திரும்பும் கணத்தில் குழந்தையின் மார்பு தம்மைப் பார்த்ததா, முதுகு தம்மைப் பார்த்ததா என்று கவனித்தால் போதும். முன்னோக்கி வந்து திரும்பும்போது மார்பு தம்மைப் பார்த்துத் திரும்பினால் மூன்று அல்லது ராக்கர். முதுகு தம் பக்கம் வந்தால் பிராக்கெட் அல்லது கவுன்ட்டர். பிறகு கோட்டிலேயே தொடர்ந்ததா, கோட்டை விட்டு வெளியே வளைந்ததா என்று பார்த்தால் பெயர் வந்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், விளிம்பு முன்கூட்டியே மாறியதா என்பதுகூடத் தெரிந்துவிடும். பெரிய போட்டியில் நடுவர் செய்வதும் இதே வேலைதான்.

சக்கரத்தில் நம்மவர் சாதிக்க முடியுமா என்ற கேள்விக்கு வேகப் பிரிவு பதில் சொல்லிவிட்டது. 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுத் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய அணிகளில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜும் ஆனந்தகுமார் வேல்குமாரும் இருந்தார்கள். ஆனந்தகுமார் 2025ஆம் ஆண்டு சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கமும் வென்றார். வேகத்தில் வந்தது கலைப் பிரிவிலும் வரலாம். அங்கே கடிகாரத்துக்குப் பதில் விளிம்பைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்த முறை தொலைக்காட்சியில் பனி ஸ்கேட்டிங் வரும்போது, தாவல் முடிந்ததும் எழுந்து காபிக்குப் போகாமல் அந்த அரை நிமிஷத்தைப் பார்க்கலாம். முதலில் எல்லாம் ஒரே நெளிவாகத்தான் தெரியும். ஒரு காலை மட்டும் கவனித்து, பூங்காவா கடையா என்று கேட்டுக்கொண்டே வந்தால், நாலைந்து தடவைக்குள் ஒரு பிராக்கெட் பிடிபடும். ஒன்று பிடிபட்டால் மற்றவை தாமாக வரும். அப்புறம் சொந்தப் பெண் தளத்தில் ஆடும்போது, எத்தனையாவது திருப்பத்தில் நிமிர்ந்து நின்றாள் என்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம்.